நாசர் பெயரில் ஒரு பிரெஞ்சுக் கப்பல்

பிரான்சின் செயின்-நசேர் கப்பல் தளத்தில் ரஷ்யாவுக்காக இரண்டு ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பல்களைக் கட்டினார்கள். ஒப்பந்தம் 2011இல், விலை 120 கோடி யூரோ. விளாதிவஸ்தோக், செவஸ்தபோல் என்று பெயர்கூட வைத்தாகிவிட்டது. 2014இல் ரஷ்யா கிரிமியாவை எடுத்துக்கொண்டது. கப்பலைக் கொடுத்தால் அவமானம், கொடுக்காவிட்டால் நட்டம். ஓராண்டுக்கு மேல் கையைப் பிசைந்துகொண்டிருந்த பிரான்சு, 2015 ஆகஸ்டில் ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அடுத்த மாதமே வாங்க ஆள் வந்துவிட்டது. எகிப்து சுமார் 95 கோடி யூரோவுக்கு இரண்டையும் எடுத்துக்கொண்டது. 2016இல் வந்து சேர்ந்த அந்தக் கப்பல்களுக்கு வைத்த பெயர்கள்: கமால் அப்தெல் நாசர், அன்வர் சதாத்.

1956 ஜூலையில் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கியவர் நாசர். அதற்காகவே அந்த ஆண்டு நவம்பரில் பிரிட்டனோடும் இஸ்ரேலோடும் கூட்டுச் சேர்ந்து எகிப்துக்குள் படையிறக்கியது பிரான்சு. போர்ட் ஃபுவாதில் பிரெஞ்சு வீரர்கள் பாராசூட்டில் குதித்தார்கள். அறுபது ஆண்டு கழித்து, அதே பிரான்சு கட்டி, வேறொருவருக்கு விற்க முடியாமல் போன கப்பலின் மேல் அந்த மனிதரின் பெயர்.

சிரிப்பு வருகிறது. பகுத்தறிவுக் கூட்டமொன்றில் இதைச் சொன்னால் கைதட்டலும் வரும். ரொட்டிக்கு மானியம் கொடுக்கத் திணறும் நாட்டுக்கு இதெல்லாம் தேவையா, என்ன மூடத்தனம் என்று முடித்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. மூடத்தனம் என்று சொல்வதில் ஒரு வசதி இருக்கிறது. செய்தவன் தெரியாமல் செய்துவிட்டான் என்று ஆகிவிடுகிறது. கெய்ரோவில் இந்தக் கொள்முதல்களுக்குக் கையெழுத்துப் போட்டவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. நன்றாகக் கணக்குப் போடத் தெரிந்தவர்கள். அந்தக் கணக்கைத்தான் பார்க்க வேண்டும்.

சில்லறைக் கொள்முதல் இல்லை இது. ஸ்டாக்ஹோமில் இருக்கும் சிப்ரி ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி, 2015 முதல் 2019 வரையிலான ஐந்தாண்டில் உலகின் மூன்றாவது பெரிய ஆயுத இறக்குமதி நாடு எகிப்து. முந்தைய ஐந்தாண்டைவிட மூன்று மடங்கு. (முதல் இடம் சவுதி அரேபியா. இரண்டாவது யார் என்று தேடி அலைய வேண்டாம், நாம்தான்.) பிரான்சிலிருந்து 2015இல் 24 ரஃபேல், 2021இல் இன்னொரு 30. ஜெர்மனியிலிருந்து நான்கு நீர்மூழ்கிகள். இத்தாலியிலிருந்து இரண்டு போர்க்கப்பல்கள். ரஷ்யாவிலிருந்து மிக்-29 விமானங்களும் கா-52 ஹெலிகாப்டர்களும். ஏற்கெனவே அமெரிக்காவிலிருந்து வந்து நிற்கும் இருநூறுக்கு மேற்பட்ட எஃப்-16 விமானங்கள் தனி.

வெளியே சொல்லப்படும் காரணம் எளிது: நாட்டைக் காக்க. யாரிடமிருந்து என்று கேட்டால்தான் சிக்கல் தொடங்குகிறது.

இஸ்ரேலிடமிருந்து என்று சாதாரண எகிப்தியர் நினைத்துக்கொள்ளலாம். கெய்ரோவுக்கு அருகே அபு ஸாபலில் ராணுவத்தின் 200ஆம் எண் தொழிற்சாலை இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து லைமா நகரிலிருந்து பாகங்கள் பெட்டி பெட்டியாக வரும். இங்கே பூட்டினால் ஏப்ரம்ஸ் டாங்கி தயார். 1990களின் தொடக்கத்திலிருந்து ஆயிரத்துக்கு மேல் பூட்டியாகிவிட்டது. ஆனால் 1979 மார்ச் 26இல் கையெழுத்தான சமாதான உடன்படிக்கையின் இணைப்பு, சினாய்த் தீபகற்பத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்து வைத்திருக்கிறது. கால்வாயை ஒட்டிய பட்டையில் 230 டாங்கிகள், 22,000 படையினர். அதற்கு மேல் கூடாது. இஸ்ரேல் எல்லையை ஒட்டிய பட்டையில் எகிப்தின் போலீசார் மட்டும் இருக்கலாம். பிற்காலத்தில் தீவிரவாதிகளை அடக்கக் கூடுதல் படை தேவைப்பட்டபோது, பெரும்பாலும் இஸ்ரேலின் இசைவோடுதான் அனுப்பினார்கள். எந்த எல்லைக்காக டாங்கி பூட்டப்படுவதாக மக்கள் நினைக்கிறார்களோ, அந்த எல்லைக்கு அது போய்ச் சேர எல்லைக்கு அப்பால் இருப்பவரின் தலையசைப்பு வேண்டும்.

உடன்படிக்கையை நான் குறை சொல்லவில்லை. 1948, 1956, 1967, 1973 என்று பிள்ளைகளைப் பறிகொடுத்த எகிப்தியத் தாய்மாருக்கு 1979க்குப் பிறகு இஸ்ரேலோடு இன்னொரு போர் வராமல் இருந்ததற்கு அந்தக் காகிதம் பெரிய காரணம். டாங்கிகள் இருந்ததால்தான் காகிதம் நிலைத்தது என்று உடனே ஒருவர் எழுவார். போர் வராவிட்டால் ஆயுதத்தால் வரவில்லை. வந்துவிட்டால் ஆயுதம் போதவில்லை. மழை பெய்தால் யாகத்தின் பலன், பெய்யாவிட்டால் யாகத்தில் குறை என்ற வாதத்தைக் கோயில் வாசலில் கேட்டால் நாம் சிரிக்கிறோம். அதே வாதம் பாதுகாப்பு அமைச்சகத்திலிருந்து வந்தால் எழுந்து நின்று வணக்கம் வைக்கிறோம். எந்த நிகழ்வாலும் பொய்யாக்க முடியாத கூற்றைச் சந்தேகப்படு என்பது பகுத்தறிவின் பாலபாடம். சீருடையைப் பார்த்ததும் அந்தப் பாடம் மறந்துபோகிறது.

சினாய்த் தீவிரவாதிகளுக்காக என்றால், 2015 அக்டோபர் 31இல் ரஷ்யப் பயணிகள் விமானம் ஒன்றில் குண்டு வைத்து 224 பேரைக் கொன்றார்கள். 2017 நவம்பர் 24 வெள்ளிக்கிழமை, வடக்கு சினாயின் ரவ்தா கிராமத்துப் பள்ளிவாசலில் தொழுகையில் இருந்த முந்நூறுக்கு மேற்பட்டோரைச் சுட்டுத் தள்ளினார்கள். விமானத்தில் ஏறிய குண்டையும் துப்பாக்கியோடு வாகனங்களில் வந்தவர்களையும் ஹெலிகாப்டர் தாங்கிக் கப்பல் எப்படித் தடுக்கும்? இடையில் 2015 செப்டம்பரில், மேற்குப் பாலைவனத்தில் மதிய உணவுக்கு இறங்கியிருந்த சுற்றுலாக் குழுவைத் தீவிரவாதிகள் என்று நினைத்துப் படையினர் வானிலிருந்து சுட்டார்கள். இறந்த 12 பேரில் 8 பேர் மெக்சிகோ நாட்டவர். நவீனக் கருவி கையில் இருந்தது. கீழே உட்கார்ந்திருப்பது யார் என்ற விவரம் இல்லை.

எகிப்தின் உயிரைத் தொடக்கூடிய ஒன்று உண்டென்றால் அது நீர். நாட்டின் நன்னீரில் தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் நைல் தருகிறது. அதன் மேல்புறத்தில், நீல நைலின் குறுக்கே எத்தியோப்பியா 2011 ஏப்ரலில் அணை கட்டத் தொடங்கியது. 2013 ஜூனில் அன்றைய அதிபர் மோர்சி, கட்சித் தலைவர்களை அழைத்து ஆலோசனை நடத்தினார். கூட்டம் தொலைக்காட்சியில் நேரடியாகப் போய்க்கொண்டிருப்பது வந்தவர்கள் பலருக்குத் தெரியாது. எத்தியோப்பியக் கலகக்காரர்களுக்கு உதவலாம், அணையைச் சேதப்படுத்தலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். வானிலேயே எரிபொருள் நிரப்பும் விமானங்களை எகிப்து வாங்கப்போவதாக வதந்தி பரப்பலாம் என்றார் ஒருவர். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு இந்தக் கடைசி யோசனைமீது ஒரு மரியாதை உண்டு. வாங்குவதாகச் சொன்னாலே போதும் என்று புரிந்துவைத்திருந்த ஒரே ஆள் அவர்தான், செலவும் இல்லை.

அதற்குப் பிறகு வதந்தி தேவைப்படவில்லை, உண்மையாகவே வாங்கினார்கள். 54 ரஃபேலுக்கு ஒப்பந்தமான அதே ஆண்டுகளில் அணை அடுக்கடுக்காக எழுந்தது. 2020 ஜூலையில் முதல் நீர் நிரப்பல். 2025 செப்டம்பர் 9இல் திறப்பு விழா. 7,400 கோடி கனமீட்டர் கொள்ளளவு, 5,150 மெகாவாட். ஒரு விமானமும் தெற்கே பறக்கவில்லை, பறந்திருக்கவும் கூடாது. நீர்ப் பங்கீட்டை நீரியல் வல்லுநரும் தூதரும் உட்கார்ந்து பேசித்தான் தீர்க்க முடியும். எகிப்து எதிர்கொண்ட மிகப் பெரிய ஆபத்துக்கும் எகிப்து செய்த மிகப் பெரிய கொள்முதலுக்கும் நடுவே ஒரு தொடர்பும் இல்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்வோம்.

சரி, வாங்கியதாவது முழுமையான ஆயுதமா? எகிப்து 1980களிலிருந்து எஃப்-16 பறக்கவிடுகிறது. அந்த விமானத்தோடு பல நாடுகளுக்குக் கொடுத்த ஆம்ராம் நடுத்தர தூர ஏவுகணையை அமெரிக்கா எகிப்துக்குக் கொடுக்கவில்லை. பழைய ஸ்பேரோ போதும் என்றது. இஸ்ரேலின் கை எப்போதும் ஓங்கியிருக்க வேண்டும் என்பது வாஷிங்டனின் அறிவிக்கப்பட்ட கொள்கை. அமெரிக்கப் பிடியிலிருந்து விலக ரஃபேலுக்குப் போனார்கள். ரஃபேலில் மாட்டும் ஸ்கால்ப் ஏவுகணைக்குள் ஓர் அமெரிக்கப் பாகம் இருந்தது; அதை வைத்து 2018இல் வாஷிங்டன் முட்டுக்கட்டை போட்டது. ரஷ்யாவின் சு-35 வாங்கப் பேசி முடித்தார்கள். வாங்கினால் பொருளாதாரத் தடை என்று அமெரிக்கா மிரட்டியது. எகிப்தின் விமானப்படைக்கு அவை வந்து சேரவில்லை. எஃப்-16, ரஃபேல், மிக்-29 மூன்றும் ஒரே படையில் இருக்கும்போது மூன்று விதமான உதிரிபாகம், மூன்று விதமான பயிற்சி, ஒன்றோடொன்று நேராகப் பேசத் தெரியாத மின்னணுக் கருவிகள். எந்தப் படைத்தலைவனும் போருக்காக இப்படி ஒரு படையை வடிவமைக்க மாட்டான்.

போருக்காக வடிவமைக்கவில்லை என்று வைத்துப் பார்த்தால் எல்லாம் பொருந்தி வருகிறது.

2013 ஜூலையில் அப்தெல் ஃபத்தா அல்-சிசியின் தலைமையில் ராணுவம் மோர்சியைப் பதவியிலிருந்து இறக்கியது. ஆகஸ்டு 14இல் கெய்ரோவின் ராபா சதுக்கத்தில் கூடியிருந்த மோர்சி ஆதரவாளர்களைக் கலைத்தபோது குறைந்தது 817 பேர் கொல்லப்பட்டதாக ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் பதிவு செய்தது. அமெரிக்கா அக்டோபரில் எஃப்-16, அப்பாச்சி, டாங்கிப் பாகங்கள் ஆகியவற்றை அனுப்புவதை நிறுத்திவைத்தது. உள்நாட்டு ஒடுக்குமுறைக்குப் பயன்படக்கூடிய பொருள்களை விற்பதை நிறுத்துவதாக ஐரோப்பிய நாடுகளும் முடிவெடுத்தன. அப்போது சிசியின் அரசுக்கு அவசரமாக வேண்டியிருந்தது ஏவுகணை இல்லை. ஐரோப்பியத் தலைநகர்களில் வாய்கள் மூடப்பட வேண்டியிருந்தன.

2015 பிப்ரவரியில் பிரான்சோடு சுமார் 520 கோடி யூரோவுக்கு ஒப்பந்தம்: 24 ரஃபேல், ஒரு போர்க்கப்பல், ஏவுகணைகள். அதுவரை ரஃபேலை பிரான்சுக்கு வெளியே ஒரு நாடும் வாங்கியிருக்கவில்லை. பல ஆண்டுகள் உலகம் முழுக்கக் காட்டியும் விலைபோகாத விமானத்துக்கு முதல் வெளிநாட்டு வாடிக்கையாளர் எகிப்து. பணத்தில் பெரும்பங்கு பிரெஞ்சுக் கடன். அதாவது பிரெஞ்சுத் தொழிற்சாலைக்குப் போய்ச் சேரும் பணத்தைப் பிரெஞ்சு வங்கிகள் தருகின்றன. அசலும் வட்டியும் எகிப்தியர் தலையில். விற்பனை தொடர்ந்தால்தான் தவணை ஒழுங்காக வரும். தவணை வர வேண்டுமானால் இந்த ஆட்சி நீடிக்க வேண்டும். ஒரே கையெழுத்தில் பிரான்சின் நலனும் சிசியின் நாற்காலியும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டுவிட்டன. அடுத்த மாதமே, 2015 மார்ச்சில், அமெரிக்காவும் தன் நிறுத்திவைப்பை நீக்கிக்கொண்டது.

2020 டிசம்பர் 7இல் பாரிசில் சிசியைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு அதிபர் மக்ரோன் செய்தியாளர்களிடம் பேசினார். மனித உரிமையில் உள்ள கருத்து வேறுபாட்டைப் பாதுகாப்பு ஒத்துழைப்புக்கு நிபந்தனையாக்க மாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னார். பிரான்சின் மிக உயர்ந்த லெஜியன் ஆஃப் ஹானர் விருதும் சிசிக்குக் கொடுக்கப்பட்டது, பிரெஞ்சுப் பத்திரிகையாளர்களை அழைக்காமல். விழாக் காட்சிகளை எகிப்து அதிபர் மாளிகை தன் பக்கத்தில் வெளியிட்ட பிறகுதான் பிரெஞ்சு மக்கள் பார்த்தார்கள். கொடுத்தவர் மறைக்க நினைத்ததை வாங்கியவர் ஊருக்கெல்லாம் காட்டினார். எதை விலைகொடுத்து வாங்கினோம் என்பது வாங்கியவருக்குத் தெரிந்திருந்தது.

இத்தாலியின் கதை இதைவிடக் கொடியது. இத்தாலியரான கேம்பிரிட்ஜ் ஆய்வு மாணவர் ஜூலியோ ரெஜெனி எகிப்தியத் தொழிற்சங்கங்களைப் பற்றி ஆராய கெய்ரோ வந்தவர். 2016 ஜனவரி 25இல் காணாமல் போனார். பிப்ரவரி 3இல் அலெக்சாந்திரியா நெடுஞ்சாலை ஓரத்தில் சித்திரவதைக் காயங்களோடு உடல் கிடைத்தது. இத்தாலி தூதரைத் திரும்ப அழைத்தது. அடுத்த ஆண்டே மீண்டும் அனுப்பியது. 2020 டிசம்பர் 10இல் ரோம் அரசு வழக்கறிஞர்கள் விசாரணையை முடித்து, எகிப்தியப் பாதுகாப்பு அதிகாரிகள் நால்வரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்போவதாக அறிவித்தார்கள். அதே மாதம், லா ஸ்பெசியா துறைமுகத்தில், இத்தாலியக் கடற்படைக்கென்று கட்டிய போர்க்கப்பல் ஒன்று எகிப்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஓர் அரசின் ஒரு கை குற்றப்பத்திரிகை எழுத, மறு கை சாவியைக் கொடுத்தது. அந்த நால்வருக்கும் அழைப்பாணை அனுப்ப முகவரி கேட்டார்கள். எகிப்து இன்றுவரை தரவில்லை.

இப்போது இந்தக் கொள்முதலை மூடத்தனம் என்பீர்களா? ஓர் ஆட்சியின் கண்ணில் இதைவிடச் சிக்கனமான செலவு வேறில்லை. கடன் மக்கள் பெயரில். மௌனம் ஆட்சியாளர் கணக்கில்.

இதிலிருந்து இன்னொரு முடிவும் கிடைக்கிறது. அது எனக்கு முக்கியமானது. வெளிநாட்டுக் கண்டனத்தால் சர்வாதிகாரிகள் அசைவதில்லை, பேசி என்ன பயன் என்று நாகரிகமாகத் தோள் குலுக்குபவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மக்ரோன் சொன்னதும் ஏறத்தாழ அதுதான்: புறக்கணிப்பதைவிடப் பேசிக்கொண்டே இருப்பது நல்லது என்றார். பயனில்லாத குரலை அடக்க யாராவது 520 கோடி யூரோ செலவழிப்பார்களா? அவ்வளவு விலை கொடுத்தார்கள் என்றால் அந்தக் குரலுக்கு அவர்கள் அஞ்சினார்கள் என்று பொருள். தன் குரலுக்கு மதிப்பில்லை என்று சொல்லிக்கொண்டே அதை நல்ல விலைக்கு விற்றவர்களுக்கு, பயனில்லை என்ற சாக்கு இனிச் செல்லாது.

எதிர்வாதம் ஒன்று வலுவானது, தள்ளிவிட முடியாது. ஒரே நாட்டை நம்பியிருப்பதைவிடப் பலரிடம் வாங்குவது விடுதலை இல்லையா? நாசரின் வாதம் இது. 1955 பிப்ரவரியில் காசாவில் இஸ்ரேல் தாக்கி எகிப்திய வீரர்களைக் கொன்றது. மேற்கு நாடுகள் கேட்ட ஆயுதத்தைத் தரவில்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் செக்கோஸ்லோவாகியா வழியாகச் சோவியத் ஆயுதங்களை வாங்குவதாக நாசர் அறிவித்தபோது, காலனி ஆட்சியில் இருந்த, இருந்து மீண்ட மக்கள் ஆசியா முதல் ஆப்பிரிக்கா வரை நெஞ்சு நிமிர்த்தினார்கள். நான் அன்றைக்கு இருந்திருந்தால் நானும் கொண்டாடியிருப்பேன். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1967 ஜூன் 5 அன்று, அந்தச் சோவியத் விமானங்களில் ஏறத்தாழ முந்நூறு, பெரும்பாலும் தரையில் நின்ற நிலையிலேயே அழிந்தன. விமானம் வாங்கியிருந்தார்கள். அதை மூடி வைக்கக் கான்கிரீட் கொட்டகை கட்டியிருக்கவில்லை. அணிவகுப்பில் கொட்டகை பறந்து காட்டாது.

அதே எகிப்து 1973 அக்டோபர் 6இல் சூயஸ் கால்வாயைக் கடந்ததும் வரலாறுதான். அதில் நான் நிறுத்திப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு. கால்வாயின் கிழக்குக் கரையில் இஸ்ரேல் எழுப்பியிருந்த உயரமான மணல் மதிலை எப்படி உடைப்பது என்று தளபதிகள் மண்டையைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தார்கள். வெடி வைத்தால் மணல் சரிந்து மீண்டும் மூடிக்கொள்ளும். பாக்கி ஸக்கி யூசுஃப் என்ற பொறியியல் அதிகாரி, அஸ்வான் உயர் அணை வேலையில் இருந்தவர். அங்கே தண்ணீரைப் பாய்ச்சி மணலைக் கரைத்ததைப் பார்த்திருந்தார். கால்வாய்த் தண்ணீரையே பீய்ச்சலாமே என்றார். பிரிட்டனிலிருந்தும் மேற்கு ஜெர்மனியிலிருந்தும் நூற்றுக்கணக்கான தண்ணீர்ப் பம்புகள் வாங்கினார்கள். அதுவும் வெளிநாட்டுச் சரக்குதான். ஆனால் எந்த நாட்டு நாடாளுமன்றமும் அதற்குத் தடை விதிக்க யோசிக்கவில்லை, எந்த அணிவகுப்பிலும் அது ஓடவில்லை. சில மணி நேரத்தில் மதிலில் வழி திறந்தது. சோவியத் ஏவுகணைகளுக்கும் அந்த வெற்றியில் பங்குண்டு, மறைக்கவில்லை. ஆனால் தன் நாட்டு மணலையும் தண்ணீரையும் தெரிந்த ஓர் அதிகாரியின் பேச்சை மேலிடம் காது கொடுத்துக் கேட்டது என்பதுதான் அன்றைய நவீனம். அந்தக் கடப்புக்குத் திட்டம் தீட்டிய தலைமைத் தளபதி ஷாஸ்லி பிறகு மேலிடத்தோடு முரண்பட்டார். நாடு கடந்து வாழ்ந்து, 1992இல் திரும்பியதும் சிறைக்குப் போனார். கேள்வி கேட்பவனை உள்ளே தள்ளிவிட்டு வெளியிலிருந்து விமானம் இறக்குவதற்கு நவீனமயமாக்கல் என்று பெயர்.

அன்றைய அதிபர் சதாத்தின் முடிவும் ஓர் அணிவகுப்பில்தான் வந்தது. 1981 அக்டோபர் 6, அந்தக் கடப்பின் எட்டாம் ஆண்டு விழா. தலைக்கு மேலே பிரெஞ்சு மிராஜ் விமானங்கள் வித்தை காட்ட எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். பீரங்கியை இழுத்து வந்த லாரி ஒன்று மேடைக்கு முன் நின்றது. அதிலிருந்து குதித்த அவருடைய சொந்தப் படையினரே சுட்டார்கள்.

விலையை யார் கொடுப்பது என்ற கேள்விக்கு எகிப்தில் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. 1820களில் முகமது அலி பாஷா, செவ் என்ற பிரெஞ்சு அதிகாரியை வைத்து ஐரோப்பிய பாணியில் படை திரட்டினார். ஊர் ஊராக உழவர்களைப் பிடித்துக் கயிற்றில் கட்டி இழுத்துப் போனார்கள். வரலாற்றாசிரியர் காலித் ஃபஹ்மி அந்தக் காலத்து ஆவணங்களைத் துருவி எழுதியிருக்கிறார்: விசை இழுக்க முடியாதபடி ஆள்காட்டி விரலை வெட்டிக்கொண்டார்கள், எலிப் பாஷாணத்தால் ஒரு கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள், தோட்டாவைக் கடிக்க முடியாதபடி முன்பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள். பிள்ளைக்கு உதவிய தாய்க்கும் தண்டனை. பாஷா அசரவில்லை, ஊனப்பட்டவர்களையும் சேர்த்துத் தனிப் பிரிவு அமைத்தார். எழுதப் படிக்கத் தெரியாத அந்த உழவன் போட்ட கணக்கில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை. விரலா, உயிரா என்று பார்த்தான்.

பேரன் இஸ்மாயில் இன்னும் நவீனமானவர். அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த அதிகாரிகளை ஐம்பது பேர் அளவில் சம்பளத்துக்கு அழைத்தார். ரெமிங்டன் துப்பாக்கிகள், குருப் பீரங்கிகள். அந்தப் படையை அனுப்பியது எத்தியோப்பியாவுக்கு, நைலின் பிறப்பிடத்தைப் பிடிக்க. 1875 நவம்பரில் குந்தெத்தில் படை நாசமானது. அதே நவம்பரில் இஸ்மாயில் பணமில்லாமல் சூயஸ் கால்வாய்ப் பங்குகளை 40 லட்சம் பவுண்டுக்குப் பிரிட்டனிடம் விற்றார். 1876 மார்ச்சில் குராவில் இன்னொரு தோல்வி. ரெமிங்டன்கள் எத்தியோப்பியர் கைக்குப் போயின. அந்த ஆண்டே கடன்காரர்கள் கணக்குப் பார்க்க கெய்ரோவில் வந்து உட்கார்ந்தார்கள். 1882இல் அவர்களுக்குப் பின்னால் பிரிட்டிஷ் படை வந்தது. கடைசிச் சிப்பாய் வெளியேற 1956 ஜூன் ஆயிற்று.

2024 ஜூன் முதல் நாள் எகிப்தில் மானிய ரொட்டியின் விலை 5 பியாஸ்தரிலிருந்து 20 பியாஸ்தர் ஆனது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடாமல் வைத்திருந்த விலை. சுமார் 7 கோடிப் பேர் அந்த ரொட்டியை உண்கிறார்கள். ரஃபேலை ரத்து செய்திருந்தால் ரொட்டி விலை ஏறியிருக்காது என்ற மேடைக் கணக்கை நான் போடமாட்டேன். பட்ஜெட் அவ்வளவு எளிதாகக் கைமாறாது. என்னை உறுத்துவது இது: ரொட்டி விலையை ஏற்றியபோது பிரதமர் செய்தியாளர்கள் முன் வந்து காரணம் சொன்னார். ராணுவத்தின் பட்ஜெட்டோ, 2014 அரசியல் சட்டத்தின் 203ஆம் பிரிவின்படி, ஒற்றை எண். ஒரு வரி. எந்த விமானத்துக்கு எவ்வளவு, எந்தக் கடனுக்கு என்ன வட்டி என்று கேட்க ஒரு குடிமகனுக்கும் வழியில்லை. மாவின் விலைக்கு விளக்கம் உண்டு, ஏவுகணையின் விலைக்குக் கிடையாது. அந்த ராணுவமே மக்கரோனி ஆலையும் குடிநீர்ப் புட்டித் தொழிலும் பெட்ரோல் பங்க்கும் நடத்துகிறது என்பது தனிக் கதை.

எகிப்துக்கு அடுத்து ரஃபேல் வாங்கக் கையெழுத்துப் போட்ட நாடுகளில், 2016இல், இந்தியாவும் ஒன்று. இப்போது நாம் விற்கவும் விரும்புகிறோம். தேஜஸ் விமானத்தில் அக்கறை காட்டிய நாடுகளின் பட்டியலை 2022 ஆகஸ்டில் மக்களவையில் அரசு சொன்னபோது அதில் எகிப்தின் பெயர் இருந்தது. அடுத்த ஜனவரி 26 அன்று தில்லிக் குடியரசு நாள் விழாவில் சிறப்பு விருந்தினர் சிசி. எகிப்தியப் படைப்பிரிவு கர்த்தவ்ய பாதையில் நடந்தது. தேஜசின் முதல் படைப்பிரிவுக்குத் தளம் அமைந்தது நம் சூலூரில். தமிழ்நாட்டில் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் வேண்டும் என்பதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வேறுபாடு இல்லை. நாளைக்கு எகிப்து 70 தேஜஸ் கேட்டால் கோவைப் பட்டறைகளுக்கும் வேலை வரும், பத்திரிகைகள் தலைப்புச் செய்தி போடும், நம்மில் பலர் பெருமையோடு பகிர்வோம். கெய்ரோச் சிறைகளில் இருக்கும் எழுத்தாளர்களைப் பற்றி அன்றைக்குப் பேசினால் வேலைவாய்ப்பைக் கெடுக்க வந்தவன் என்பார்கள்.

மதம் கேட்ட மௌனத்தைக் கொடுக்க மறுத்ததுதான் இந்த மண்ணின் பகுத்தறிவு இயக்கம். ஏற்றுமதி ஆணை கேட்கும் மௌனத்தை என்ன செய்வதாக உத்தேசம் என்று அந்த இயக்கத்து நண்பர்களிடம் கேட்டுவைக்கிறேன். என் பதிலை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: அந்த விற்பனையை நான் எதிர்ப்பேன். நாம் விற்காவிட்டால் சீனா விற்கும் என்று சொல்வீர்கள். விற்கட்டும்.